ஆண்டி வில்லியம்ஸின் 'மூன் ரிவர்' ஆல்பம் (1962): மூலம் இருக்கும்போது கவர் எதற்கு?

ஊசிமுனை

போன வாரம் இன்னொரு இழையில் ஒரு நண்பர், "சினிமாப் பாட்டுகளை எடுத்துத் தன் குரலில் பாடி ஆல்பம் போடுவது சுலபமாகக் காசு பார்க்கிற வேலை, மூலம் இருக்கும்போது கவர் எதற்கு" என்று எழுதியிருந்தார். அந்த இழை வேறு விஷயத்துக்கானது. அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். பொதுவாகப் பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடும். ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துப் பேசலாம்: 1962இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அமெரிக்கப் பாடகர் ஆண்டி வில்லியம்ஸ் பாடிய 'மூன் ரிவர் அண்ட் அதர் கிரேட் மூவி தீம்ஸ்'. பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பாட்டு. எல்லாமே சினிமா மூலம் ஜனங்களுக்குப் பழக்கமானவை. ஒன்றையும் முதலில் பாடியவர் அவரில்லை.

சரி, அந்த 'மூலம்' என்ன என்று பார்ப்போம். 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' படம் 1961இல் வந்தது. அதில் வரும் 'மூன் ரிவர்' பாட்டுக்கு மெட்டு ஹென்றி மான்சினி, வரிகள் ஜானி மெர்சர். ஆட்ரி ஹெப்பர்ன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, சொந்தக் குரலில் அதைப் பாடுகிறார். படம் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குரல் அப்போது வந்த இசைத்தட்டில் கிடையாது. ஆர்சிஏ விக்டர் வெளியிட்ட தட்டில் இருந்தது மான்சினியின் வாத்தியக் குழுவும் கோரஸும்தான். ஹெப்பர்ன் பாடியது தட்டாகக் கடைக்கு வந்தது 1993இல், அவர் காலமான பிறகு. முப்பது வருடத்துக்கு மேல், அந்தப் பாட்டை வீட்டில் கேட்க ஆசைப்பட்டவருக்குக் கடையில் கிடைத்ததெல்லாம் வேறு யாராவது பாடியது.

இப்போது சொல்லுங்கள், ஆண்டி யாருடைய இடத்தைப் பிடுங்கிக்கொண்டார்?

நெய்தல்

ஊசிமுனை அண்ணா, ஹெப்பர்ன் கதை உண்மைதான். ஆனால் அது ஒரு பாட்டுக்கான நியாயம். மிச்சம் பதினொன்று இருக்கிறதே?

என் குறை வேறு. இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டால் எல்லாப் பாட்டும் ஒரே முகத்தோடு வருகின்றன. 'நெவர் ஆன் சண்டே' ஒரு கிரேக்கப் படத்தின் பாட்டு. மனோஸ் ஹட்ஜிடாகிஸ் இசை. படத்தில் மெலினா மெர்க்கூரி துறைமுகத்துப் பெண்ணாக, கொஞ்சம் கரகரத்த குரலில் பாடுவார். அதில் கடல் காற்றும் சாராயமும் சேர்ந்து மணக்கும். ஆண்டி பாடும்போது அந்தப் பெண் காணாமல் போகிறாள். துவைத்து இஸ்திரி போட்ட பாட்டாகிவிடுகிறது. 'எக்ஸோடஸ்' ஒரு மக்கள் கூட்டத்தின் நிலத்தைப் பற்றிய படம், அதற்கு எர்னஸ்ட் கோல்ட் போட்ட இசை முரசு மாதிரி அறைகிறது. அதே தட்டில் 'எ சம்மர் பிளேஸ்' என்ற கோடைக்காதல் மெட்டு. இரண்டுக்கும் ஒரே வயலின் மெத்தையா?

சினிமாப் பாட்டு என்பது ஒரு பாத்திரம் ஒரு சூழ்நிலையில் பாடுவது. அதை உருவி எடுத்துவிட்டால் மெட்டு மட்டும்தான் மிஞ்சும்.

பழைய தட்டு

இரண்டு பேரும் அழகியலில் நிற்கிறீர்கள். இதன் அடியில் ஒரு வியாபாரச் சட்டம் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் அந்தக் காலத்தில் ஏன் இத்தனை கவர் வந்தன என்பது புரியும்.

அமெரிக்காவில் 1909 காப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் அனுமதியோடு ஒரு பாட்டு ஒரு தடவை பதிவாகிவிட்டால், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை, பிரதிக்கு 2 சென்ட் கட்டினால் போதும். பியானோ ரோல் (தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்) காலத்தில் ஏயோலியன் என்ற ஒரே நிறுவனம் எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடுமோ என்ற பயத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. பன்னிரண்டு பாட்டு உள்ள தட்டென்றால் சட்டக் கணக்கில் அதிகபட்சம் 24 சென்ட். அந்தப் பணம் மெட்டுப் போட்டவருக்கும் வரி எழுதியவருக்கும் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பகத்துக்கும் போகும்.

பதிப்பகம் யாருடையது? 'மூன் ரிவர்' பதிப்பகமான ஃபேமஸ் மியூசிக், படத்தை எடுத்த பாரமவுண்டின் கைக்குள் இருந்தது. அதனால் ஸ்டுடியோவே "எங்கள் பாட்டை இன்னும் நாலு பேர் பாடட்டும்" என்றுதான் நினைத்தது. எத்தனை பேர் பாடுகிறார்களோ அத்தனை இடத்திலிருந்து பணம். பாட்டு எழுதுபவர் ஒருவர், பாடுபவர்கள் பலர் என்பதுதான் அங்கே அன்றைய இயல்பு. 'இது இன்னாருடைய பாட்டு' என்று பாடகர் பேரைச் சேர்த்துச் சொல்லும் பழக்கம், பாடகர்களே பாட்டு எழுதிப் பாட ஆரம்பித்த அறுபதுகளின் நடுவில் வலுத்தது. நகல், மூலம் என்று நாம் இன்று போடும் சண்டையை அன்றைய இசைத்தட்டுக் கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது.

ராப்பாடி

பழைய தட்டு சாருக்கு நன்றி. இதே ஆல்பத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் 'ஆஸ் டைம் கோஸ் பை' பாட்டின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் அதை 'காசாபிளாங்கா' பாட்டு என்பார்கள். ஹெர்மன் ஹப்ஃபெல்ட் அதை எழுதியது 1931இல், ஒரு பிராட்வே நாடகத்துக்காக. பதினொரு வருடம் கழித்துத்தான் படத்துக்குள் வந்தது. படத்துக்கு இசையமைத்த மேக்ஸ் ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை, தன் சொந்தப் பாட்டைப் போட நினைத்தார். ஆனால் இங்க்ரிட் பெர்க்மன் அடுத்த படத்துக்காக முடியை வெட்டிவிட்டதால் அந்தக் காட்சிகளைத் திரும்ப எடுக்க வழியில்லாமல் போனது. பியானோ வாசித்துப் பாடும் சாம் பாத்திரத்தில் நடித்த டூலி வில்சனுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, அவர் டிரம்மர். வாசித்தது வேறொருவர், பாடியது மட்டும் டூலி.

படம் ஓடி, பாட்டு ஊர் வாயில் புகுந்தபோது இசைக்கலைஞர் சங்கத்தின் பதிவுத் தடை (உறுப்பினர்கள் தட்டுக்காக வாசிக்கக் கூடாது என்ற தடை) அமலில் இருந்தது. 1942 ஆகஸ்டில் ஆரம்பித்த தடை அது. அதனால் டூலி வில்சனால் அந்தப் பாட்டைத் தட்டாகக் கொண்டுவர முடியவில்லை. தட்டுக் கம்பெனி என்ன செய்தது? ரூடி வாலி 1931இல் பாடிய பழைய தட்டை மறுபடி அச்சடித்தது. 1943இல் அமெரிக்கா வாங்கியது அதைத்தான்.

இதில் எது மூலம், எது கவர்? படத்தில் வந்ததே பதினொரு வருடப் பழைய பாட்டு.

வெண்கலக்குரல்

அதே தட்டில் உள்ள 'மரியா', 'டுநைட்' இரண்டையும் யாரும் பேசவில்லையே. 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' 1957இல் மேடை நாடகம். லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை, ஸ்டீபன் சோண்ட்ஹைம் வரிகள். படம் 1961. படத்திலேயே நடாலி வுட் வாயசைக்க மார்னி நிக்சன் பாடினார், ரிச்சர்ட் பெய்மருக்கு ஜிம்மி பிரையன்ட் பாடினார். நடாலி வுட் தன் குரலிலும் பதிவு செய்திருந்தார், அது வரும் என்றே நம்பியிருந்தார். மார்னி நிக்சன் பெயர் படத்தில் போடப்படவில்லை. பின்னணிப் பாடகர் பெயரைத் தட்டின் உறையில் பார்த்தே வளர்ந்த நமக்கு இது ரொம்ப அநியாயமாகத் தெரியும். கடைசியில் பெர்ன்ஸ்டைன் தன் ராயல்டியிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

ஆக, மேடையில் ஒருவர் பாடி, படத்தில் இன்னொருவர் மறைந்திருந்து பாடி, மூன்றாவதாக ஆண்டி பாடுகிறார். அவராவது தன் பெயரைப் போட்டுப் பாடினார்.

நெய்தல்

எல்லோரும் சேர்ந்து ஒரு கட்சியாகிவிட்டீர்கள். சட்டம் அனுமதித்தது, கடையில் வேறு தட்டு இல்லை, எல்லாம் சரி. அதனால் இந்த ஆல்பம் நல்ல ஆல்பம் ஆகிவிடுமா? தேவை இருந்தது என்பதற்கும் அழகாக இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஃபிராங்க் சினாட்ரா 1964இல் இதே மாதிரி ஒரு ஆல்பம் போட்டார். ஆஸ்கர் வாங்கிய பதினொரு பாட்டு, ரீபிரைஸ் நிறுவனம், நெல்சன் ரிடில் வாத்திய அமைப்பு. 'மூன் ரிவர்', 'த்ரீ காயின்ஸ் இன் த ஃபவுன்டன்', 'இட் மைட் அஸ் வெல் பி ஸ்பிரிங்', 'லவ் இஸ் எ மெனி ஸ்ப்ளெண்டர்ட் திங்' நாலும் ஆண்டி தட்டிலும் இருக்கின்றன, சினாட்ரா தட்டிலும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சினாட்ரா ஒரு வரியைத் தாமதமாக எடுப்பார், ஒரு சொல்லை இழுத்துவிட்டு அடுத்ததை விழுங்குவார், எதிரே உட்கார்ந்து நம்மிடம் பேசுகிற மாதிரி இருக்கும். வாத்திய அமைப்பும் பாட்டுக்குப் பாட்டு மாறும். அது வேலை. ஆண்டியிடம் அந்த வேலை எங்கே?

ஊசிமுனை

நெய்தல், இந்தக் கேள்விக்காகத்தான் இழையே ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டியின் வேலை, எதையும் சேர்க்காமல் பாடுவது. இது சும்மா இருப்பது இல்லை. 'மூன் ரிவர்' எடுத்தவுடன் மெட்டு கீழிருந்து ஒரேயடியாக ஐந்தாம் சுரத்துக்குத் தாவுகிறது. நிறையப் பாடகர்கள் அந்தத் தாவலை ஒரு சம்பவமாக்குவார்கள், மேலே போய் அழுத்துவார்கள். ஆண்டி அங்கே அழுத்தமே தருவதில்லை. மேல் சுரமும் கீழ்ச் சுரமும் ஒரே கனத்தில் இருக்கும். மூச்சு எங்கே எடுத்தார் என்று தேட வேண்டியிருக்கும். நீளமாக நிற்க வேண்டிய சுரத்தில் உயிரெழுத்தைத் திறந்து வைத்து, அசைக்காமல் பிடித்து, கடைசியில் மட்டும் லேசாக ஒரு நடுக்கம் கொடுப்பார். மூன்று நிமிடம்கூட முழுதாக ஓடாத பாட்டு. முடிந்த பிறகு நம் வாயில் வருவது பாடகரின் சேட்டை எதுவும் இல்லாத சுத்தமான மெட்டு. சினாட்ரா தட்டைக் கேட்டுவிட்டு நான் முணுமுணுத்தால் சினாட்ரா மாதிரிப் பாட முயல்வேன். ஆண்டி தட்டைக் கேட்டால் நான் நானாகப் பாடுவேன். கோடிக்கணக்கான பேர் வீட்டில் பாடும் பாட்டாக 'மூன் ரிவர்' ஆனதில் இதற்குப் பங்கு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, அவர் இந்தப் பாட்டுக்குப் பக்கவாட்டில் வந்தவர் இல்லை. மான்சினியும் மெர்சரும் படம் வந்த சமயத்திலேயே அவரிடம் பாட்டைக் கொடுத்தார்கள். அப்போது அவர் கேடன்ஸ் என்ற சின்னக் கம்பெனியில் இருந்தார். அதன் தலைவர் ஆர்ச்சி பிளேயர், வரிகளில் வரும் 'ஹக்கில்பெரி ஃபிரண்ட்' என்ற தொடர் இளவட்டங்களுக்குப் புரியாது என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். அதற்குள் மான்சினியின் தட்டும் ஜெரி பட்லர் தட்டும் ஒரே சமயத்தில் பில்போர்டில், அதாவது அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில், 11ஆம் இடம்வரை போயின. இங்கிலாந்தில் டேனி வில்லியம்ஸ் பாடியது 1961 டிசம்பரில் முதலிடமே பிடித்தது. ஆண்டி கொலம்பியாவுக்கு மாறியபோது சிங்கிள் (ஒரு பாட்டைத் தனித் தட்டாக) போடும் காலம் கடந்திருந்தது. பிறகு ஆஸ்கர் மேடையில் பாட அவருக்கு அழைப்பு. அதையொட்டி அவசரமாகப் பதிவானதுதான் இந்த ஆல்பம். 1962 ஏப்ரல் 9, சாண்டா மோனிகாவில் விழா. ஆண்டி பாடினார், பாட்டு விருது வாங்கியது, மான்சினி அன்றிரவு இரண்டு ஆஸ்கரோடு வீட்டுக்குப் போனார். ஆல்பம் பில்போர்டில் 3ஆம் இடம்வரை ஏறி, பட்டியலில் மூன்று வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தது.

அவர் 'மூன் ரிவரை' சிங்கிளாக வெளியிடவே இல்லை. அப்படியும் அது அவர் பாட்டாகவே ஒட்டிக்கொண்டது. அதே 1962இல் என்பிசியில் தொடங்கிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதுதான் முகப்பு இசை. 1992இல் மிசூரி மாநிலத்து பிரான்சனில் கட்டிய அரங்குக்கும் அதே பெயரை வைத்தார்.

'நெவர் ஆன் சண்டே' விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். மெர்க்கூரிக்கு அது உடம்போடு ஒட்டிய பாட்டு. ஆண்டி குரலில் அது வெறும் இனிமை.

சுருதிபேதம்

ஊசிமுனை அண்ணன் சொன்ன மெட்டு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். மான்சினி இந்த மெட்டைப் போட்டதே ஹெப்பர்ன் குரலின் எல்லைக்குள் அடங்குகிற மாதிரி. 'ஃபன்னி ஃபேஸ்' படத்தில் அவர் பாடியதைக் கேட்டுவிட்டு, ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும் என்று அளந்து போட்டார். பியானோவில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். யோசித்துக்கொண்டே ஒரு மாதம் ஓடியதாம், கடைசியில் மெட்டு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதாவது பயிற்சி இல்லாத குரலுக்காகத் தைத்த சட்டை இது. ஹெப்பர்ன் பாடும்போது குரல் இங்கே எட்டுமா எட்டாதா என்ற ஒரு சின்னப் பயம் கூடவே வருகிறது. அந்தப் பயம்தான் படத்தில் அவர் நடித்த ஹாலி என்ற பெண். ஆண்டி மாதிரி ஒருவருக்கு இந்த மெட்டில் கஷ்டமான இடமே கிடையாது. அதனால் பயம் போய்விடுகிறது, பதிலுக்கு ஒரு நிதானம் வருகிறது. படத்தில் அது ஊரை விட்டு வந்தவளின் பாட்டு. ஆண்டி குரலில் ஊரையெல்லாம் பார்த்துவிட்டு வந்தவர் பாடுகிற பாட்டு. இரண்டும் எனக்கு வேண்டும்.

முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு ஸ்டுடியோக்காரர் ஒருவர் இந்தப் பாட்டையே வெட்டச் சொன்னார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கடைக்குட்டி

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்தப் பாட்டுக்கு வந்தது ஃபிராங்க் ஓஷன் 2018இல் வெளியிட்டதன் வழியாக. தன் குரலையே அடுக்கடுக்காகப் பதித்து, பல பேர் ஒரே அறையில் பாடுகிற மாதிரிச் செய்திருப்பார். அதைக் கேட்டுவிட்டு ஆண்டி, அப்புறம்தான் ஹெப்பர்ன். படத்தை இன்னும் பார்க்கவில்லை. நெய்தல் அக்கா சொல்கிற பாத்திரம், சூழ்நிலை எதுவும் தெரியாமலே பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. உருவி எடுத்தால் மெட்டு மட்டும் மிஞ்சும் என்றீர்கள், எனக்கு அந்த மெட்டும் வரிகளுமே போதுமானதாக இருந்தன.

ஒரு கேள்வி: இப்போது ஒருவர் இப்படி ஆல்பம் போட்டால் அதே மதிப்புக் கொடுப்பீர்களா? இன்று எல்லா மூலமும் போனிலேயே கிடைக்கிறதே.

பழைய தட்டு

தம்பி, நல்ல கேள்வி. பார்ப்ரா ஸ்டிரைசாண்ட் 2003இல் 'த மூவி ஆல்பம்' போட்டார். அதே கொலம்பியா நிறுவனம். முழுக்க சினிமாப் பாட்டு, பெரிய இசைக்குழு, வந்ததுமே பில்போர்டில் 5ஆம் இடம். 'மூன் ரிவர்' அதிலும் உண்டு, 'த செகண்ட் டைம் அரவுண்ட்' ஆண்டி தட்டிலும் இதிலும் உண்டு.

ஆனால் தேர்வைக் கவனியுங்கள். 'பாக்தாத் கஃபே' படத்தின் 'காலிங் யூ', 'எமிலி', ஆந்த்ரே பிரெவின் மெட்டுக்குப் பாடலாசிரியர்களான ஆலன் - மேரிலின் பெர்க்மன் தம்பதி புதிதாக வரி எழுதிய ஒரு பாட்டு என்று, சுலபமாகக் காதில் விழாதவற்றையும் எடுத்திருக்கிறார். ஆண்டி 1962இல் செய்தது அன்றைக்கு ஊரே பேசிய படங்களின் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நாற்பது வருடம் கழித்து அந்த வேலை தேவையில்லை. மறந்துபோனதைத் தேடி எடுப்பதும், தெரிந்ததைப் புதிதாகச் சொல்வதும்தான் வேலை. ஸ்டிரைசாண்ட் இரண்டையும் பாதிப் பாதி செய்தார். 'ஸ்மைல்' பாட்டில் அவர் உருகுவது எனக்குக் கொஞ்சம் அதிகம்.

நெய்தல்

ஸ்டிரைசாண்ட் தட்டில் 'காலிங் யூ' அபாரம், அதில் மறுபேச்சு இல்லை. ஜெவெட்டா ஸ்டீல் படத்தில் பாடியது பாலைவனத்தில் தூரத்திலிருந்து கூப்பிடுகிற குரல். ஸ்டிரைசாண்ட் அதைப் பக்கத்து அறைக்குக் கொண்டுவந்துவிட்டார். பாட்டின் சூழ்நிலையைத் தூக்கி எறியாமல் அதற்கு இன்னொரு சூழ்நிலை கொடுத்தார். கவர் என்றால் நான் எதிர்பார்ப்பது இதை.

கடைக்குட்டிக்கு: படத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி ஆண்டியைக் கேட்டுச் சொல்லுங்கள். உங்கள் காது மாறுகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ராப்பாடி

இன்னொரு தகவல். ஆண்டிக்கு சினிமாப் பாட்டோடு பழக்கம் 1962இல் தொடங்கியதில்லை. 1944இல் 'கோயிங் மை வே' படத்தில் பிங் கிராஸ்பி பாடிய 'ஸ்விங்கிங் ஆன் எ ஸ்டார்' பாட்டின் இசைத்தட்டில் அவரோடு கூடப் பாடியது வில்லியம்ஸ் சகோதரர்கள் நாலு பேர். அதில் கடைசிப் பையன் ஆண்டி, பதின்வயது. அந்தப் பாட்டும் ஆஸ்கர் வாங்கியது. நெய்தல் சொன்ன சினாட்ராவின் 1964 தட்டில் அதுவும் இருக்கிறது. ஆண்டி பின்னால் நின்று பாடிய பாட்டுக்கு சினாட்ரா கவர் பாடியிருக்கிறார்.

ஊசிமுனை

ராப்பாடி, இது அருமை.

கடைக்குட்டி, ஆண்டி தட்டைப் புதிதாகக் கேட்பதென்றால் வரிசையாகப் போகாதீர்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், 'மூன் ரிவர்' அங்கேதான் முதல். அடுத்து 'டுநைட்'. அப்புறம் 'இட் மைட் அஸ் வெல் பி ஸ்பிரிங்'. ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் 1945 'ஸ்டேட் ஃபேர்' படத்துக்காக எழுதியது. அதுவும் திரையில் ஜீன் கிரெய்ன் வாயசைக்க இன்னொருவர் பாடியதுதான். அமைதியில்லாமல் அலைகிற மெட்டு. ஆண்டி இங்கே நிதானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். நெய்தலும் அந்த ஒரு பாட்டைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நெய்தல்

கேட்டேன், இரண்டு தடவை. முதல் பாதி ரொம்பப் பிடித்தது. 'எக்ஸோடஸ்' பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அந்த மெட்டுக்கு வரி எழுதியவர் பாட் பூன், அவரும் ஒரு பாப் பாடகர். வாத்திய இசையாகவே விட்டிருக்க வேண்டியது அது.

வெண்கலக்குரல்

'எக்ஸோடஸ்' வாத்திய வடிவம் என்றால் ஃபெரான்டே - டைக்கர் என்ற இருவரின் இரட்டைப் பியானோ தட்டைக் கேளுங்கள் நெய்தல். அது கவர்தான், படத்தின் இசைத்தட்டு இல்லை.